ஜோடி சோபா

சோபா மூன்றாவது மாடிக்கு வந்து சேர்வதற்குள், அதைத் தூக்கிய ஆட்கள் அதைச் செய்தவனின் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிட்டார்கள். படிக்கட்டு திரும்புகிற இடமெல்லாம் அது முரண்டு பிடித்தது. நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், கடைசித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப என்ன சார் பண்றது?" என்று கீழே பார்த்துக் கேட்டார்கள். கீழே நின்ற கடைக்குட்டிக்கும் அது தெரியவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் வீடு வாங்கியது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். அதில் அக்கம்பக்கத்துக்கு ஏற்கெனவே ஒரு சிரிப்பு.

மேலே, காலி ஹாலின் நடுவில் பெயிண்ட் ஷேடு கார்டோடு நின்ற சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்த வீடு என்று ஒன்று வந்தால் அதற்குள் முதலில் நுழைய வேண்டியது என்ன என்று அவள் வருஷக்கணக்காக யோசித்து வைத்திருந்தாள். ஜன்னலோரத்துக்கு ஒரு மர பெஞ்சு. நுழைந்ததோ பெரியவர் வீட்டுப் பழைய சோபா.

சின்னவள் என்பது அவள் பெயரல்ல. அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையைக் கட்டிக்கொண்டதால் கிடைத்த பதவி. கடைக்குட்டி என்பதும் அவள் கணவனின் பெயரல்ல. தலையில் நரை விழுந்த பிறகும் அண்ணனுக்கும் இரண்டு அக்காக்களுக்கும் அவன் கடைக்குட்டிதான். அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அவனைத் தன் வீட்டில் வைத்து வளர்த்து ஆளாக்கியவர் அந்த அண்ணன், பெரியவர். அந்த நன்றி கடைக்குட்டிக்குக் கழுத்து வரைக்கும் இருந்தது. அதற்கு மேலே 'வேண்டாம்' என்ற சொல் ஏற இடமில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். எந்தச் சாமானையும் விற்க மாட்டார்கள், தூக்கியும் போட மாட்டார்கள். பெரியவர் வீட்டுக்குப் புதுசு வந்தால் பழசு பெரிய அக்கா வீட்டுக்குப் போகும். அங்கே அலுத்தால் சின்ன அக்கா வீட்டுக்கு. அங்கேயும் இடமில்லை என்றால், தண்ணீர் பள்ளத்தைத் தேடி வருகிற மாதிரி, கடைக்குட்டி வீட்டுக்கு. அதற்குக் கீழே பள்ளம் இல்லாததால் எல்லாம் அங்கேயே தேங்கி நிற்கும். கொடுத்ததை விற்றால், கொடுத்தவரையே விற்ற மாதிரி என்பது அவர்கள் கணக்கு.

வாடகை வீடுகளில் அவள் குடித்தனம் நடத்தியதெல்லாம் அந்தத் தேக்கத்துக்கு நடுவில்தான். ஒரு கதவு மட்டும் மூடுகிற பீரோ. ஐந்து நாற்காலியோடு வந்த சாப்பாட்டு மேஜை, ஆறாவது நாற்காலியைப் பெரிய அக்கா ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார். யாரோ ஒரு பிள்ளை காம்பஸ் முனையால் பெருக்கல் வாய்ப்பாட்டைக் கீறிவைத்த படிப்பு மேஜை, அதிலும் ஏழாம் வாய்ப்பாடு தப்பு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே கொடுத்தவர்களே வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். பெரிய அக்கா வந்தால் தன் பழைய நாற்காலியில்தான் உட்காருவார், உட்கார்ந்த உடனே ஆட்டிப் பார்ப்பார். "எங்க வீட்ல இருந்தப்ப இது ஆடலயே" என்பார். சின்ன அக்கா பீரோவைத் தடவி, "என் பீரோவுல இது என்ன கீறல்?" என்பார். என் பீரோவாம். அவள் துணி அடுக்கிவைத்த பீரோ, அவள் வீட்டில் நிற்கிற பீரோ, இன்னும் அவருடைய பீரோ.

இதில் பெரிய கொடுமை, சின்னவளின் வேலை. அவள் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவள். வருகிறவர்களுக்கு ஷேடு கார்டை விரித்துக் காட்டி, என்ன ஜன்னல், எந்தப் பக்கத்து வெளிச்சம், தரை என்ன நிறம் என்று விசாரித்து, மெஷினில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் ஒரு மணி நேரம் அவள் உயிரை வாங்கிவிட்டு, "எதுக்கு வம்பு, ஐவரியே குடுங்க" என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷ முகத்துக்குக் களை என்று ஒன்று இருக்கிற மாதிரி வீட்டுக்கும் ஒரு களை வேண்டாமா? உள்ளே கால் வைத்ததும், இங்கே இருப்பது இன்னார் என்று வீடு சொல்ல வேண்டாமா? எல்லா வீடும் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்தால் தூக்கத்தில் எழுந்தவன் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் போய்விட மாட்டானா? இப்படியெல்லாம் கடையில் பேசிவிட்டு வீடு திரும்பினால், அவள் வீடு யார் வீடு என்று அவளாலேயே சொல்ல முடியாது.

அதனால்தான் சாவி கைக்கு வந்த அன்று அவள் கணவனை உட்காரவைத்துச் சத்தியம் மாதிரி ஒன்றை வாங்கினாள். பீரோ, மேஜை, கட்டில் எது வேண்டுமானாலும் வரட்டும், உள் அறைகளில் கிடக்கட்டும். ஹால் மட்டும் அவளுக்கு. ஹாலில் ஒரு சாமான்கூட அடுத்தவர் வீட்டுச் சாமானாக இருக்கக் கூடாது.

"உன் இஷ்டம்மா. நம்ம வீடுதானே" என்றான் கடைக்குட்டி, தாராளமாக.

இப்போது அந்த ஹாலில் சோபா நின்றது. பழுப்பு ரெக்சின், சிங்கக்கால், சாப்பாட்டுத் தட்டையே வைக்கலாம் போல அகலமான கைகள். நடு இருக்கையின் அடியில், யாரோ இஸ்திரிப் பெட்டியை நிற்கவைக்க மறந்ததில் முக்கோணமாக ஒரு தீய்ந்த தடம். இடது ஓரத்தில் உட்கார்ந்தால் ஆள் உள்ளே போய்விடுவார், எழுந்திருக்க இன்னொருத்தர் கை கொடுக்க வேண்டும்.

"என்னங்க இது?"

"அண்ணன் புதுசு வாங்கிட்டாராம். இது உனக்குத்தான்டான்னு அனுப்பிட்டார். அக்காங்களுக்குக்கூடக் குடுக்கல, நேரா நமக்கு."

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வண்டி கிளம்பினப்புறம்தான் ஃபோன் பண்ணார்." சோபாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "நல்லாத்தானே இருக்கு. இப்போதைக்கு இருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

'அப்புறம்' என்றால் அந்தக் குடும்பத்து அகராதியில் 'என்றைக்கும் இல்லை' என்று அர்த்தம். அவளுக்கு அது தெரியும். "நாளைக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்க" என்றாள். சரி என்றான். மறுநாள் கேட்டாள். அண்ணன் ஃபோனை எடுக்கவில்லை என்றான். அதற்கு அடுத்த நாள், அண்ணன் எடுத்தார், ஆனால் முழங்கால் வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், நடுவில் எப்படி சோபாவைச் சொல்வது என்றான். அவளுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சுவருக்கு இன்னும் பிரைமர்கூட அடிக்கவில்லை.

சரி, சுவரையாவது முடிப்போம் என்று ஆரம்பித்தாள். அந்த நிறத்தை அவள் எந்தக் கார்டிலிருந்தும் எடுக்கவில்லை. ஒருநாள் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கலக்கும்போது பச்சை ஒரு சொட்டு கூடிப்போய், கறுப்பும் கொஞ்சம் தடுக்கி விழுந்து, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஆழமாக ஒன்று வந்து நின்றது. மழை இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வானம் போடுகிற நிறம். வாடிக்கையாளர் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். அவள் அளவுகளை மனப்பாடம் செய்துகொண்டாள். என்றைக்காவது ஒருநாள், சொந்தச் சுவர் ஒன்றில், முழுசாக.

விடுமுறை நாளில் இரண்டு பேருமாக அடித்தார்கள். கடைக்குட்டி சோபாவைச் செய்தித்தாள் போட்டு மூடினான், ஏணி பிடித்தான், சொட்டு விழுந்த இடத்தைத் துடைத்தான். இரண்டாவது கோட் காய்ந்ததும் அவள் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மத்தியான வெளிச்சத்தில் சுவர் உள்ளுக்குள் மூச்சு விடுவது போல இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு" என்றான் கடைக்குட்டி.

அப்புறம் அவன் செய்தித்தாளை உருவினான். அந்தச் சுவருக்கு முன்னால், பழுப்பாக, சிங்கக்காலோடு, சோபா. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். சுவரை அவள் வைத்துவிட்டாள். சித்திரத்தின் இடத்தில் பெரியவர் வீட்டுச் சோபா உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

ஒருநாள் கடைக்குட்டி ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுபோய் அவசரமாக ஓடியபோது, அவள் கடைக்கு லீவு சொன்னாள். பழைய மரச்சாமான் வாங்குகிற கடைக்காரருக்கு ஃபோன் போட்டாள். அவர் வந்து சோபாவைச் சுற்றி ஒரு நடை நடந்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு விலை சொன்னார். அவள் பேரம்கூடப் பேசவில்லை. அவர் சும்மா கொண்டுபோகிறேன் என்றிருந்தால்கூட அவளே ஒரு பக்கம் பிடித்திருப்பாள். படிக்கட்டில் அது இறங்கும்போது ஒரு திருப்பத்திலும் முரண்டு பிடிக்கவில்லை. போகிற நேரத்தில் எவ்வளவு மரியாதை பார், என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் கடைக்குட்டி வந்தான். செருப்பைக் கழற்றினான், ஹாலைப் பார்த்தான். சோபா இருந்த இடத்தில் தரை மட்டும் பெயிண்ட் தூசு படாமல் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"வித்துட்டேன்" என்றாள். சண்டைக்கு வேண்டிய வாக்கியங்களையெல்லாம் மத்தியானமே தயார் செய்து வைத்திருந்தாள்.

"சரி" என்றான்.

"அவ்வளவுதானா?"

"அண்ணன் கேட்டா?"

"நீங்க பதில் சொல்லுங்க. உங்க அண்ணன்."

"சரி" என்றான் மறுபடியும். தயார் செய்த வாக்கியங்களெல்லாம் வீணாய்ப் போயின. இவனோடு சண்டை போடுவது தலையணையைக் குத்துவது மாதிரி. கைதான் வலிக்கும்.

ஆனாலும் அந்த நாட்கள் நன்றாக இருந்தன. தச்சரிடம் பெஞ்சுக்குச் சொன்னாள், அளவு கொடுத்தாள். வேலை முடிந்து வந்து காலி ஹாலில் சுவரைப் பார்த்தபடி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தாள். முதல் தடவையாக ஒரு அறை அவளைப் போலவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. பெரியவரின் மனைவி. குடும்பத்துக்கே அவர் பெரியண்ணி, சின்னவளுக்கு மட்டும் அக்கா. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் என்றாலும், வயதில் சின்னவளுக்கு அவர் தாய் மாதிரி. அதை அவர் அடிக்கடி சொல்லிக்காட்டவும் செய்வார்.

"வீட்ல இருக்கியா? கதவைத் திறந்து வை. நான் கீழதான் நிக்கிறேன். ஒரு சந்தோஷ சமாச்சாரம் கொண்டாந்திருக்கேன்."

சின்னவள் பால்கனிக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒரு சின்ன லாரி. லாரியில் ஒரு சோபா. மேலே பூப்போட்ட புது உறை போட்டிருந்தது, கால்களுக்குப் பாலீஷ் ஏற்றியிருந்தது. சிங்கக்கால்கள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்பதை அவள் அந்தக் கணத்தில் தெரிந்துகொண்டாள். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

பெரியண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே, ஆனால் வாயை மூடாமலே படியேறி வந்தார். "ஒரு ஸ்டூல் வாங்கலாம்னு பழைய சாமான் கடைக்குப் போனேன். உள்ள பார்த்தா இது! அப்படியே நம்ம சோபா! அச்சு அசல்! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. புதுசு வாங்கினோமே, அது சோபாவா? உக்காந்தா வழுக்குது. நம்மளோடது மாதிரி வருமா? அந்தக் காலத்துல ஒரே அச்சுல ரெண்டு மூணு பண்ணியிருப்பான் போல. கடைக்காரன் என்னமோ முழிச்சான். நான் விடுவேனா? பேசிப் பேசியே வாங்கிட்டேன். உங்க வீட்ல இருக்கறதுக்கு ஜோடி சேர்த்துட்டேன்டி! எதிரும் புதிருமா போட்டுக்கோங்க."

விற்றிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் விற்றதே இல்லையே. தன் கண்ணால் பார்த்த சோபா தன்னுடையது அல்ல என்று நம்புவதற்கு, அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஒருவரால் மட்டும்தான் முடியும்.

சோபா உள்ளே வந்தது. வெளுத்த சதுரத்தின் மேலேயே, அளவெடுத்த மாதிரி, இறக்கிவைத்தார்கள். பெரியண்ணி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். நீலச்சுவரைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். "இது என்ன, கரண்ட் போன மாதிரி அடிச்சு வச்சிருக்கே?" என்றார். பிறகு, "ஆமா, நம்மளோடது எங்க?"

சின்னவள் உள் அறைப் பக்கம் பார்த்தாள். சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து கடைக்குட்டி வந்தான். சோபாவைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான்.

"ரிப்பேருக்கு அனுப்பியிருக்கோம் அண்ணி" என்றான்.

ரிப்பேர்! லிஃப்ட்டைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை பாவிக்கு. சின்னவளுக்கு வந்த ஆத்திரத்தில், உண்மையை உடைத்துவிடலாமா என்றுகூட இருந்தது. ரிப்பேருக்குப் போனது என்றைக்குத் திரும்பி வரும்? அது வரும்வரை தினம் ஃபோன் போட்டுக் கேட்பார்களே? இல்லாத சோபாவுக்கு இனி ஊரெல்லாம் தேடி ஒரு சிங்கக்கால் சோபா வாங்க வேண்டுமா?

அந்தக் கவலைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. "ரிப்பேரா? அதுல என்ன ரிப்பேர்? உள்ளே இருக்கற மரத்தைப் பாரு, தேக்கு" என்றபடி பெரியண்ணி பூப்போட்ட உறையைப் புரட்டி, நடு இருக்கையைத் தூக்கிக் காட்டினார். அடியில் முக்கோணமாகத் தீய்ந்த தடம்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சூட்டை வைத்தவர் அவரேதான். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக இருக்கையைக் கீழே வைத்து, உறையை இழுத்து நேராக்கினார்.

"வித்துட்டீங்களா?" என்றார். சின்னவளைக் கேட்கவில்லை. கடைக்குட்டியைத்தான் கேட்டார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ படுத்துத் தூங்கின சோபாடா இது. ஸ்கூலுக்குப் போன காலத்துல இருந்து வேலைக்குப் போற வரைக்கும் இதுலதான தூங்கின. அதனாலதான் அக்காங்க ரெண்டு பேரும் கேட்டும் அண்ணன் குடுக்கல. இது கடைக்குட்டிக்குத்தான் போகணும், அவன் வளர்ந்ததே இதுலதான்னாரு." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும். அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். இங்க இருக்கட்டும், என்ன?"

"இருக்கட்டும் அண்ணி" என்றான்.

சின்னவள் தேநீர் போடப் போனாள். பெரியண்ணி வேண்டாம் என்றுவிட்டுப் படியிறங்கினார். ஏறும்போது ஓயாத வாய், இறங்கும்போது ஒரு சொல் பேசவில்லை. கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் சின்னவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். கடைக்குட்டி சோபாவின் இடது ஓரத்தில் புதைந்து உட்கார்ந்திருந்தான்.

"இதுல தூங்கினேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா நான் வித்திருப்பேனா? என்னை என்ன ராட்சசின்னு நெனச்சீங்களா? உங்களுக்கு உசுரு மாதிரி இருந்ததை நான் யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேனே!"

"உசுரெல்லாம் இல்ல" என்றான்.

"பின்ன?"

"நீ வித்த அன்னிக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அவள் சோபாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அது ஹால்ல கெடந்த சோபா" என்றான், சோபாவின் கையைப் பார்த்துக்கொண்டே. "எல்லாரும் அதுல உக்காந்து டிவி பார்ப்பாங்க. அவங்க பார்த்து முடிச்சு எந்திரிச்சாத்தான் நான் படுக்க முடியும். பரிட்சை நேரத்துலகூட. தூக்கம் கண்ணைச் சுத்தும், எந்திரிங்கன்னு எப்படிச் சொல்றது? அவங்க வீடு. விருந்தாளி வந்துட்டா கேக்கவே வேண்டாம். மூலையில தலையணையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அண்ணன் தங்கமானவர்தான். அவர் கேட்டிருந்தா, நான் சொல்லியிருந்தா, ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருப்பார். எனக்குச் சொல்லத் தெரியல."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அவளுக்கு அந்தப் பையனை நினைத்துப் பாவமாக இருந்தது. கூடவே, எதிரில் உட்கார்ந்திருந்த ஆம்பிளையைப் பார்த்து எரிச்சலும் பொங்கியது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

"பிடிக்காத சோபாவை வாங்கி வச்சுக்கிட்டீங்க. வித்தா சரின்னீங்க. திரும்பி வந்தா இருக்கட்டும்னீங்க. எதுக்குத்தான் நீங்க இல்லன்னு சொல்லுவீங்க? உங்க மனசுல என்னதான் இருக்குன்னு நான் ஜோசியமா பார்க்க முடியும்? யார் எதைக் கொண்டாந்து முன்னாடி வச்சாலும் நல்லாருக்கு, நல்லாருக்கு…"

அங்கே அவள் வாய் நின்றது. மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

"இந்தச் சுவரு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

அந்தக் குரலை இப்போதுதான் அவள் காது கொடுத்துக் கேட்டாள். சோபாவின் முதுகைத் தட்டிக்கொண்டு சொன்னானே, அதே குரல். அண்ணியிடம் இருக்கட்டும் என்றானே, அதே குரல்.

"உண்மையைச் சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கு. விடும்மா."

"விட மாட்டேன். இன்னிக்குச் சொல்லாம இந்த எடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது."

இடது ஓரத்தில் உட்கார்ந்தவனால் எப்படியும் எழுந்திருக்க முடியாது. அவன் சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மறுபடியும் சுவரைப் பார்த்தான்.

"நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன்" என்றான். "நாலு பக்கமும் இருட்டுச் சுவரு. மேல பார்த்தா துளியூண்டு வெளிச்சம். எப்படா வெளிய வருவோம்னு இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைத் தொறந்தா…" நிறுத்தினான். "மறுபடியும் குழிக்குள்ள எறங்கின மாதிரி இருக்கு. எனக்கு இந்தச் சுவரு வேண்டாம்."

வேண்டாம். அவள் எத்தனை வருஷமாக அவன் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்த சொல். அண்ணனிடம் சொல்லுங்கள், அக்காவிடம் சொல்லுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்ட சொல். வந்தது கடைசியில், வந்து நேராக அவள் சுவரின் மேல் விழுந்தது. அவளுடைய ஒரே சுவரின் மேல்.

"இல்ல, பழகிடும்" என்று அவசரமாக ஆரம்பித்தான், அவள் முகத்தைப் பார்த்து. "நீ ஆசைப்பட்டு…"

"மூச்! சொன்னதை மாத்தாதீங்க!" கத்தினாள். "ரெண்டு கோட் அடிக்கிற வரைக்கும் ஏணி பிடிச்சீங்களே, அப்ப எங்க போச்சு இந்த வாய்? சோபாவை வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லத் தெரியல. அண்ணிகிட்ட சொல்லத் தெரியல. என் சுவரை மட்டும் சொல்லத் தெரியுதா?"

"உன்கிட்டதான சொல்ல முடியும்" என்றான் கடைக்குட்டி.

அவன் சாமர்த்தியமாக ஒன்றும் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னான். சின்னவள் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு மனுஷனுக்கு உலகத்தில் மறுத்துப் பேச ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறது, அந்த ஆள் நீதான் என்று சொன்னால், அதற்குச் சந்தோஷப்படுவதா, எழுந்து போய் நாலு சாத்து சாத்துவதா? அவளுக்கே தெரியவில்லை. அந்த நிறத்தை மனப்பாடம் செய்த நாளிலிருந்து ஒரு தடவைகூட, உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவள் அவனைக் கேட்டதில்லை. பெரியவர் வீட்டில் அவனை யாரும் கேட்கவில்லை. இந்த ஹாலில் அவளும் கேட்கவில்லை. அது சுருக்கென்று குத்தியது. குத்தினாலும் சுவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

எழுந்து போய் ஷேடு கார்டை எடுத்துவந்து அவன் மடியில் போட்டாள். "பார்த்துச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

அவன் பரிட்சைத்தாள் வாங்கிய பிள்ளை மாதிரி அதை விரித்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பக்கத்தில் விரலை வைத்தான், எடுத்தான், புரட்டினான், திரும்பி வந்தான். "ஐவரி" என்று மட்டும் சொல்லிவிடாதே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் விரல் ஒரு இடத்தில் நின்றது. மஞ்சள். பச்சைக் குழந்தைகூட வேண்டாம் என்று சொல்லும், கண்ணைக் குத்துகிற, கத்துகிற மஞ்சள். கடையில் அதைக் கேட்டு வருகிறவர்களிடம் பேசிப் பேசி வேறு நிறம் வாங்கவைத்து அனுப்புவதையே அவள் ஒரு தர்மமாகச் செய்துவந்தாள்.

"இதுவா? கண்றாவி!"

"நீதான கேட்ட?"

"கேட்டா இதையா காட்டுவீங்க? ஹாலா, இல்ல ஸ்கூல் பஸ்ஸா?"

"எனக்கு இதுதான் வேணும்!"

குரல் உயர்ந்திருந்தது. அவன் குரல்தான். எதிர்வீட்டில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கடைக்குட்டி தான் பேசியதைக் கேட்டுத் தானே பயந்தவன் போல அவளைப் பார்த்தான், ஆனால் விரலைக் கார்டிலிருந்து எடுக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குடித்தனத்தின் சண்டைகளையெல்லாம் இரண்டு பக்கமும் அவளே நின்று போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் எதிர்ப்பக்கத்தில் ஆள் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் தீரவில்லை. அந்த மஞ்சளை ஒத்துக்கொள்வதாகவும் இல்லை.

"மஞ்சள் கிடையாது" என்றாள்.

"நீலம் கிடையாது" என்றான் கடைக்குட்டி.